தண்ணீர் எந்த வழியாக வந்தது?

படகு இஞ்சினுக்குள் தண்ணீர் போய்விட்டது என்றால், அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி "எந்த வழியாக?" என்பதுதான். எங்கள் நால்வர் குழுவில் அடுத்து வந்த கேள்வி, "யார் ஊற்றியது?"

நால்வரும் கிள்ளானில் ஒரே இடைநிலைப்பள்ளியில் படித்தவர்கள். ஒருவன் வங்கியில், ஒருவன் ஆசிரியர், ஒருவன் சொந்தமாகக் கணக்கு எழுதும் தொழில், நான் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு. மூன்று வருடங்களுக்கு முன் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, 18 அடி ஃபைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினோம். பின்னால் 40 குதிரைத்திறன் கொண்ட டூ ஸ்ட்ரோக் இஞ்சின், இரண்டு சிலிண்டர். கோலசிலாங்கூர் ஆற்றோரம் ஒரு சிறு ஜெட்டியில் கட்டிவைத்தோம். மாதம் இரண்டு ஞாயிறு தூண்டில் போடப் போவோம். வீட்டில் இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

படகைப் பார்த்துக்கொள்ள அந்த ஜெட்டியில் ஒரு பெரியவர் இருந்தார். எழுபதை நெருங்கும் வயது. அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டி, பிறகு அதே தோட்டத்தில் செம்பனைக் குலை தள்ளி, கடைசியில் தோட்டமே கைமாறி லயத்தை இடித்தபோது ஆற்றங்கரைக்கு வந்தவர். இஞ்சின் வேலையை எந்தப் பட்டறையிலும் படிக்கவில்லை. மீனவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே கற்றுக்கொண்டார். மாதம் 150 ரிங்கிட் கொடுப்போம். நாங்கள் வரும் முன்பே பெட்ரோல் வாங்கி, எண்ணெய் கலந்து, சிவப்புத் தோம்பில் நிரப்பி வைத்திருப்பார். நாங்கள் கடலிலிருந்து திரும்பி மீனைப் பங்கு போட்டுக்கொண்டு கிளம்பியதும், இஞ்சினை நீலப் பீப்பாய் நல்ல தண்ணீரில் இறக்கிக் கால் மணி நேரம் ஓட்டி உப்பைக் கழுவி விடுவார்.

கடந்த ஆண்டு ஒரு ஞாயிறு, அங்சா தீவைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். கலங்கரை விளக்கம் பின்னால் சிறுத்துக்கொண்டிருந்தது. இஞ்சின் சத்தம் மாறியது. முழு விசை கொடுத்தும் படகு மூக்கைத் தூக்கவில்லை. பிறகு ஓர் ஆட்டம், ஒரு காலில் நொண்டுகிறவனைப் போல. ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பது அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது. ஐந்து நிமிடம் இழுத்துக்கொண்டு வந்து நின்றுவிட்டது. ஸ்டார்ட்டரைத் தட்டினால் "டுக்" என்று பாதியில் மாட்டிக்கொண்டது.

வங்கி நண்பன் மறுபடி மறுபடி சாவியைத் திருகினான். நான் தடுத்தேன். காற்றை அழுத்தினால் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது ஸ்டார்ட்டர் பிஸ்டனைப் பலவந்தமாக மேலே தள்ளினால், பிஸ்டனைத் தாங்கும் தண்டே வளைந்துவிடக்கூடும். உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று எனக்கு அப்போது உறுதியாகத் தெரியாது. ஆனால் சுற்ற மறுக்கும் இஞ்சினைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்பது தொழிற்சாலையில் முதல் வருடமே சொல்லித் தரும் பாடம்.

நங்கூரம் போட்டோம். அந்தப் பக்கம் தரை சேறு, பிடித்துக்கொண்டது. உயிர்காப்பு அங்கியைக் கழற்றி வைத்திருந்த ஆசிரியர் நண்பர் ஒன்றும் பேசாமல் மறுபடி மாட்டிக்கொண்டார். கரை கண்ணுக்குத் தெரிகிறது, மெலாவத்திக் குன்று கூடத் தெரிகிறது, ஆனால் நீரோட்டம் வெளியே இழுக்கிறது. மலாக்கா நீரிணையின் பெரிய கப்பல் பாதை எந்தப் பக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். 999க்கு அழைக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே மீன்பிடிப் படகு ஒன்று கண்ணில் பட்டது. பாசிர் பெனாம்பாங்கைச் சேர்ந்த சீன மீனவர்கள். கயிறு போட்டு இழுத்து வந்தார்கள். காசு கொடுத்தோம், வாங்கவில்லை. ஐஸ் பெட்டியிலிருந்த பானங்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

கரை சேர்ந்தபோது மாலை ஆறு மணி. பக்கத்துப் படகைச் சரிபார்க்க வந்திருந்த பட்டறைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். பெட்ரோல் வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். அடியில் ஒரு தேக்கரண்டி அளவு தண்ணீர், தனியாகத் தெரிந்தது. "பெட்ரோல்ல தண்ணி. இஞ்சின் போச்சு. முழுசாப் பிரிச்சுச் செய்ய 4,000 ரிங்கிட் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை.

அன்றிரவே வாட்ஸ்அப்பில் தொடங்கியது. பெட்ரோல் வாங்கி வந்தது யார்? பெரியவர். தோம்பு யார் கையில்? பெரியவர் கையில். பெட்ரோலில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு தண்ணீரால் அளவைச் சரிக்கட்டியிருப்பார் என்று வங்கி நண்பன் எழுதினான். "பாவம்னு பார்த்தோம், கடல்ல சாவ வேண்டியது" என்று அதற்கடுத்த வரி. மறுநாள் இன்னொரு செய்தி வந்தது. நாங்கள் கிளம்பிய பிறகு, ராத்திரி ஏழரை மணிக்கு, பெரியவர் விளக்கு வைத்துக்கொண்டு எங்கள் இஞ்சினைத் திறந்திருக்கிறார். ஜெட்டியில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர் பார்த்திருக்கிறார். "தடயத்தை அழிக்கிறான்" என்றான் வங்கி நண்பன். அந்த மாதச் சம்பளத்தை நிறுத்துவதென்று முடிவாயிற்று. போலீஸ் புகார் வரைக்கும் பேச்சு போனது.

நான் ஒரு வாரம் கேட்டேன். நியாயம் பேசவில்லை. 4,000 ரிங்கிட் கொடுப்பதற்கு முன் நானே ஒருமுறை பார்க்கிறேன் என்று சொன்னேன். பணத்தின் பேரில் கேட்டால் எங்கள் குழுவில் எல்லோருக்கும் காது கேட்கும்.

சனிக்கிழமை காலை தனியாகப் போனேன். பெரியவர் படகுக்குப் பக்கத்தில் இல்லை. சற்றுத் தள்ளி மரப்பலகையில் உட்கார்ந்திருந்தார். சேதி அவர் காதுக்குப் போயிருந்தது. நான் அருகே போனதும் எழுந்து, படகுச் சாவியை நீட்டினார்.

"பாருங்க தம்பி" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

முதலில் பெட்ரோல். பெட்ரோலும் தண்ணீரும் கலக்காது, தண்ணீர்தான் கனம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்றால் ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ போலத்தான் வரும். ஆகவே தண்ணீர் எப்போதும் அடியில் போய் உட்காரும். தோம்பின் உறிஞ்சுகுழாயும் அடியிலிருந்துதான் எடுக்கும் என்பதால் முதலில் போவதும் தண்ணீர்தான். தோம்போடு வரும் ரப்பர்ப் பந்தைக் கையால் அழுத்தி, அடியிலிருந்த பெட்ரோலை ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்து நிழலில் வைத்தேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் அடியில் இரண்டு மூன்று முத்துகள், அவ்வளவுதான். அடுத்து வடிகட்டிக்கு அப்பால், இஞ்சினுக்குள், கார்புரேட்டரின் அடிக்கிண்ணம். அதில் ஒரு துளி கூட இல்லை. சுத்தமான பெட்ரோல்.

வடிகட்டியில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் இருந்தது உண்மை. அதைப் பிடித்து வைக்கத்தானே வடிகட்டி? காவலாளியின் கையில் திருடன் இருக்கிறான் என்பதற்காக வீடு கொள்ளை போய்விட்டது என்று சொல்ல முடியாது. கிண்ணம் நிறைந்து வழிந்து, கார்புரேட்டர் வரை தண்ணீர் போயிருந்தால் கதை வேறு.

அந்த ஒரு தேக்கரண்டியும் எங்கிருந்து வந்தது? தோம்பின் மூடியைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் வெயிலில் காய்ந்து மூன்று இடத்தில் வெடித்திருந்தது. மூடியை இறுக்கமாக மூடி, மேலே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி அடியிலிருந்து எடுத்தேன். ஜாடியில் தண்ணீர் வந்துவிட்டது. நம் ஊர் மழைக்குத் திறந்த படகில் கிடக்கும் தோம்பு இது. யாரும் ஊற்ற வேண்டியதில்லை.

இத்தனையும் பெரியவர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கையும் கழற்றப் போனேன். அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"அது புதுசு தம்பி. பழசு எங்கிட்ட இருக்கு."

குடிசைக்குள் போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். உள்ளே நாள்காட்டித் தாளில் சுற்றிய இரண்டு பொட்டலங்கள். ஒன்றின் மேல் பென்சிலில் 'மேல்', மற்றதில் 'கீழ்'. தாளில் இருந்தது நாங்கள் கடலில் நின்ற அதே ஞாயிற்றுக்கிழமைத் தேதி.

பிரித்துப் பார்த்தேன். மேல் பிளக் இந்த வகை இஞ்சினில் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி, எண்ணெய்ப் பசையோடு கரும்பழுப்பு. கீழ் பிளக் துடைத்து எடுத்தது போலப் பளிச்சென்று இருந்தது. ஓரத்தில் துரு, இடுக்கில் வெள்ளையாகக் காய்ந்த படிவு. சிலிண்டருக்குள் தண்ணீர் வந்தால் அது ஆவியாகிப் பிளக்கைக் கழுவிவிடும். எரிந்த கரி ஒட்டாது. பிளக்கைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை. வெள்ளைப் படிவை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார் பெரியவர். நான் வேண்டாம் என்பதற்குள் வைத்துவிட்டார்.

"உப்பு" என்றார்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். ஆற்று முகத்தில் குறையும். காய்ந்தால் வெள்ளையாக நிற்கும். மழைத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் அப்படி நிற்காது. வடிகட்டியில் இருந்த தண்ணீரை ஊசிக்குழலால் எடுத்து எவர்சில்வர் கரண்டியில் வெயிலில் வைத்தேன். பக்கத்துக் கரண்டியில் கடல்நீர் கொஞ்சம். மத்தியானத்துக்குள் இரண்டும் காய்ந்தன. கடல்நீர்க் கரண்டியில் வெள்ளைப் படலம். வடிகட்டிக் கரண்டியில் எதுவும் இல்லை. ஆக வடிகட்டிக்குள் வந்ததும் சிலிண்டருக்குள் வந்ததும் ஒரே தண்ணீரே அல்ல.

"பெட்ரோல் ரெண்டுக்கும் ஒரே குழாய்லதான தம்பி போவுது" என்றார் பெரியவர். "கெணத்துத் தண்ணி கெட்டா வூட்ல எல்லாருக்கும் வயித்த வலிக்கும். ஒருத்தனுக்கு மட்டும் வலிச்சா, அவன் வேற எங்கயோ தின்னுருக்கான்."

அந்த ஞாயிறு ராத்திரி எதற்காக இஞ்சினைத் திறந்தார் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உப்புத் தண்ணி உள்ள இருக்கே, வுட்டா காலையில கம்பி துரு புடிச்சுருமே."

டூ ஸ்ட்ரோக் இஞ்சினுக்குக் காரைப் போல அடியில் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகும் எண்ணெய்தான் உள்ளே இருக்கும் தாங்கு உருளைகளுக்கும் தண்டுக்கும் உயவு. கடல்நீர் அந்த எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிட்டால், பளபளப்பான இரும்பு ஓர் இரவிலேயே துருவேறத் தொடங்கும். அதனால் இஞ்சினுக்குள் கடல்நீர் போனது தெரிந்தவுடன் செய்ய வேண்டியது இது: பிளக்குகளைக் கழற்று, கயிற்றை இழுத்துச் சுற்றித் தண்ணீரை வெளியேற்று, துளைகள் வழியாக எண்ணெயை ஊற்றி மறுபடி சுற்று. நாளை பார்க்கலாம் என்று வீட்டுக்குப் போனால், நாளை பார்க்க ஒன்றும் இருக்காது. நாங்கள் வீட்டுக்குப் போனோம். அவர் விளக்கைக் கொளுத்திக்கொண்டு அதைத்தான் செய்திருக்கிறார். கயிற்றை இழுத்தபோது கீழ்ச் சிலிண்டர்த் துளையிலிருந்து தண்ணீர் முகத்தில் பீய்ச்சியதாம். மேலே ஒன்றும் வரவில்லையாம். அதனால்தான் இரண்டு தாளில் தனித்தனியாகச் சுற்றி வைத்திருக்கிறார். புதுப் பிளக் இரண்டும் அவர் சொந்தக் காசில் வாங்கியவை.

"இத ஏன் தாத்தா யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டா?"

அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்தே பார்த்தோம். கம்ப்ரஷன் மானியை மாட்டிக் கயிற்றை இழுத்தேன். மேல் சிலிண்டரில் 110 காட்டியது. கீழே 60ஐத் தாண்டவில்லை. ஆரோக்கியமான இஞ்சினில் இரண்டுக்கும் பத்து விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது.

கீழ்ச் சிலிண்டருக்குள் மட்டும் கடல்நீர் வர வழிகள் சில உண்டு. படகு சட்டென்று வேகம் குறையும்போது பின்னால் எழும் அலை, புகைபோக்கி வழியாக மேலே ஏறலாம். புகைப்பாதையை மூடியிருக்கும் தகட்டின் கேஸ்கெட் அரித்திருக்கலாம். அல்லது சிலிண்டர் தலையின் கேஸ்கெட் போயிருக்கலாம். முதலாவதை விட்டுவிட்டோம், இஞ்சின் நின்றது ஓடிக்கொண்டிருக்கும்போது, கடலும் அன்று அமைதி. மற்ற இரண்டையும் திறந்துதான் பார்க்க வேண்டும்.

கடலில் வாழ்ந்த இஞ்சினின் போல்ட்டைக் கழற்றுவது தனிக் கலை. அலுமினியத்துக்குள் இரும்பு, நடுவில் உப்பு; இரண்டும் ஒன்றாக உறைந்து கிடக்கும். அவசரப்பட்டு முறுக்கினால் தலை உடைந்து கையில் வரும். பெரியவர் துரு இளக்கும் எண்ணெயை முதல்நாள் இரவே ஊற்றி ஊறவைத்து, மறுநாள் காலை ஒவ்வொன்றின் தலையிலும் சுத்தியலால் சின்னச் சின்னதாகத் தட்டினார். பிறகு கால் சுற்று கழற்றி, மறுபடி இறுக்கி, மறுபடி கழற்றி. ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரே ஒரு போல்ட் உடைந்தது, அது என் கையில். எனக்குச் சான்றிதழ் இருக்கிறது, அவருக்கு இல்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

தலையைத் தூக்கியதும் தெரிந்துவிட்டது. கேஸ்கெட்டில், கீழ்ச் சிலிண்டரின் வட்டத்துக்கும் அதைச் சுற்றி ஓடும் குளிர்நீர்ப் பாதைக்கும் நடுவே, பென்சில் கோடு போல ஒரு கறுத்த தடம். அதுதான் வழி. புகைத்தகட்டையும் விடாமல் திறந்தோம். அந்தக் கேஸ்கெட் பழசுதான், ஆனால் முழுசாக இருந்தது.

படகு இஞ்சினுக்குக் காரைப் போல ரேடியேட்டர் கிடையாது. கடல்நீரையே கீழிருந்து உறிஞ்சி, சிலிண்டரைச் சுற்றி ஓடவிட்டு, வெளியே தள்ளும். இஞ்சினுக்கும் கடலுக்கும் நடுவே நிற்பது ஒரு மெல்லிய கேஸ்கெட்தான். அது ஏன் போயிற்று? தலையின் வெளிப்பக்கத்தில், கீழ்ச் சிலிண்டருக்கு நேரே, பெயிண்ட் பொரிந்து நிறம் மாறியிருந்தது. சூடேறிய அடையாளம். நேர்விளிம்புக் கம்பியை வைத்து இடைவெளி அளந்தால், தலை தட்டையாக இல்லை; 0.1 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்திருந்தது. வளைந்த இடத்தில் கேஸ்கெட்டை இறுக்கிப் பிடிக்க ஆள் இல்லை.

சூடு ஏன் ஏறியது? காலைக் கழற்றித் தண்ணீர்ப் பம்பைத் திறந்தோம். உள்ளே பூப்போல விரிந்திருக்கும் ரப்பர்ச் சக்கரத்தில் ஆறு இதழ்கள் இருக்க வேண்டும். நான்குதான் இருந்தன. காணாமல் போன ஒன்றின் துண்டு மேலே போகும் குழாயில் அடைத்துக்கொண்டிருந்தது. தெர்மோஸ்டாட் உப்பேறிப் பாதி திறந்த நிலையில் இறுகியிருந்தது. தண்ணீர் குறைய, சூடு ஏறி, அலுமினியம் வளைந்து, கேஸ்கெட் வழிவிட்டு, குளிர்விக்க வந்த தண்ணீரே உள்ளே நுழைந்துவிட்டது. பழைய மாடல் என்பதால் சூடு ஏறினால் கத்திச் சொல்லும் வசதி அதில் இல்லை. சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: இஞ்சினின் பின்புறம் சிறு துளையிலிருந்து பீய்ச்சும் தண்ணீர். பம்பு வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம். ஜெட்டிக்காரர்கள் அதை "இஞ்சின் ஒண்ணுக்குப் போறது" என்பார்கள். கையை நீட்டினால் விசையோடு அடிக்க வேண்டும். சொட்டினால் படகைக் கட்டிவிட வேண்டும்.

"சீனப் பெருநாளுக்கு முந்தியே சொன்னேனே தம்பி, ஒண்ணுக்குப் போறது சரியில்லன்னு. பம்பு ரப்பர் வாங்கித் தரச் சொன்னேன்."

யாரிடம் சொன்னார் என்று கேட்டேன். பணத்துக்குப் பொறுப்பான கணக்குத் தொழில் நண்பனிடம். எனக்கு அந்தச் சேதி வரவே இல்லை. அன்று மாலை அவனைத் தொலைபேசியில் அழைத்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அடுத்த மாசம் பார்க்கலாம்னு இருந்தேன், மறந்துட்டேன்டா" என்றான். இந்த ஒரு வாரமும் வாட்ஸ்அப்பில் அவன் ஒரு வரி கூட எழுதவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வங்கி நண்பன் மீது எனக்கு இருந்த கோபம் அந்த இடத்தில் பாதி இடம் மாறியது. கத்துகிறவன் தெரியாமல் கத்துகிறான். தெரிந்தவன் சும்மா இருந்தான்.

கையோடு கையாகக் கியர்ப் பெட்டியின் எண்ணெயையும் வடித்துப் பார்த்தோம். தண்ணீர் கலந்தால் அது தே தாரிக் நிறத்துக்கு வந்துவிடும். ஃபோர் ஸ்ட்ரோக் இஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு இதே அடையாளம் இஞ்சின் எண்ணெயிலும் தெரியும். எங்களுடையது சுத்தமாக இருந்தது. ஆனால் காற்றாடிக்குப் பின்னால் தூண்டில் நரம்பு நாலைந்து சுற்று சுற்றிக் கிடந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் தண்டின் சீலை அறுத்திருக்கும். தூண்டில் போடுகிறவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறையாவது காற்றாடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும்; நரம்பு நம்முடையதாக இருக்க வேண்டும் என்று கூட அவசியமில்லை, கடலில் எவ்வளவோ மிதக்கிறது.

தலையை நேராக்க, தடித்த கண்ணாடிப் பலகையின் மேல் நீர்த்தாள் விரித்து, எட்டு வடிவில் தேய்த்தோம். அவர் ஐம்பது, நான் ஐம்பது என்று முறை வைத்து. பட்டறையில் இயந்திரத்தில் கொடுத்தால் சீக்கிரம் முடியும், அவர் கேட்கவில்லை. கேஸ்கெட் தொகுதி, பம்பு ரப்பர், தெர்மோஸ்டாட், மூடிக்கு வளையம், உடைந்த போல்ட்டைத் தோண்டி எடுத்த கூலி எல்லாம் சேர்த்து 500 ரிங்கிட்டுக்குள் முடிந்தது. உள்ளே தண்டும் தாங்கு உருளையும் துருவில்லாமல் இருந்ததால்தான் இந்தக் கணக்கு. அந்த ராத்திரி விளக்கு எரிந்திருக்காவிட்டால் பட்டறைக்காரர் சொன்ன 4,000 சரியாகத்தான் இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு நால்வரையும் வரச் சொன்னேன். பசியாறிவிட்டுத் தேத்தண்ணிக் கடை மேசையில் எல்லாவற்றையும் வைத்தேன்: இரண்டு நாள்காட்டித் தாள், இரண்டு பிளக், கேஸ்கெட், நான்கு இதழ் ரப்பர், இரண்டு கரண்டி. நான் விளக்கத் தொடங்கும் முன்பே ஆசிரியர் நண்பர் கேஸ்கெட்டைக் கையிலெடுத்து அந்தக் கறுப்புத் தடத்தில் விரலை ஓட்டினார். வங்கி நண்பன் தாளில் இருந்த தேதியைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பிறகு எழுந்து போய்ப் பெரியவர் முன்னால் நின்றான். என்ன பேசினான் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. நிறுத்தி வைத்த சம்பளத்தோடு 100 ரிங்கிட் சேர்த்து அவர் கையில் வைத்தது தெரிந்தது. பெரியவர் எண்ணினார். 150ஐயும் பிளக் வாங்கிய காசையும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார்.

"பம்பு ரப்பர் இன்னொண்ணு வாங்கிப் படகுல போட்டு வைங்க."

இஞ்சினைப் பீப்பாயில் இறக்கி ஓட்டினோம். இரண்டாவது இழுப்பில் பிடித்தது. பின்புறத் துளையிலிருந்து தண்ணீர் வில்லைப்போல வளைந்து அடித்தது. பெரியவர் அதில் விரலை நீட்டி, சூடு பார்த்து, தலையாட்டினார். ஏற்றம் வரும் நேரம். ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. போகலாமா என்று ஆசிரியர் நண்பர் கேட்டார். பெட்ரோல் இல்லை. சிவப்புத் தோம்பு காலியாக, புது வளையம் போட்ட மூடியோடு, படகின் பக்கத்தில் இருந்தது. வழக்கம் போலப் பெரியவர் முன்கூட்டியே நிரப்பி வைத்திருப்பார் என்று எல்லோரும் நினைத்துவிட்டோம்.

"இஞ்சினப் பார்த்துக்கிறேன், கழுவி வைக்கிறேன்" என்றார் அவர். "பெட்ரோல மட்டும் இனிமே நீங்களே கொண்டாந்துருங்க தம்பி."

பரவாயில்லை தாத்தா, பழசை விடுங்கள் என்று நாங்கள் நால்வரும் மாறி மாறிச் சொன்னோம். சிரித்தார். தோம்பைத் தூக்கி என் காரின் பின்னால் வைத்தார்.

அன்றிலிருந்து பெட்ரோல் நாங்கள்தான் வாங்குகிறோம்.